அம்மா அப்பாவின் பயணத்துக்கு எந்த கேமரா? சிறியதும் எளியதும் ஒன்றல்ல

"வயசானவங்களுக்கு, சிம்பிளா ஒரு கேமரா காட்டுங்க" என்று கடையில் கேட்டால், உள்ளங்கைக்குள் அடங்குகிற, பின்பக்கம் நாலைந்து பட்டன் மட்டும் இருக்கிற, விலை குறைந்த ஒன்றை எடுத்துவைப்பார்கள். கேட்டவருக்கும் அது சரியென்றே படும். பட்டன் குறைந்தால் குழப்பமும் குறையும் என்பது கணக்கு. அறுபத்தைந்து வயதுக் கையில் அதைக் கொடுத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். பிடிக்க இடமில்லாமல் வழுக்கும். விரல் லென்ஸை மறைக்கும். ஷட்டரை அழுத்தும்போது கேமராவே கீழே சாயும். வெயிலில் திரை கறுப்பாகத் தெரியும். மெனு எளிதாக இருந்து என்ன பயன், படம் அத்தனையும் கலங்கி வந்தால்?

எனவே இந்த மதிப்பீட்டில் மெகாபிக்சலுக்குக் கடைசி இடம்தான். பிடி, திரை, நடுக்கத் தடுப்பு, பேட்டரி மூடி, சார்ஜர் ஆகிய ஐந்தும் முதலில். மெனு சிக்கலாக இருப்பதை வீட்டில் இருக்கும் இளையவர் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். பிடி சிறியதாக இருந்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

கேமரா தேவையா என்பதே முதல் கேள்வி

போனில் சிரமமில்லாமல் படம் எடுக்கிறவர்களுக்குத் தனிக் கேமரா வாங்கித் தர வேண்டியதில்லை. பகலில், பக்கத்தில் நிற்பவரை எடுக்க, இன்றைய நடுத்தர விலைப் போனே இந்தச் சிறு கேமராக்களை மிஞ்சும். பயண ஜூம் கேமராக்கள் பெரும்பாலானவற்றில், வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சென்சார் 6.17 × 4.55 மில்லிமீட்டர்தான், பல போன்களின் முதன்மை சென்சார் அதைவிடப் பெரியது. இரவுப் படத்தில் போன் மென்பொருள் செய்யும் வித்தையும் இவற்றுக்கு வராது.

கேமரா வெல்லுகிற இடங்கள் மூன்று. ஒன்று, ஜூம். முட்டி வலியோடு மலைக்கோயில் படியேற முடியாதவருக்கும், கோபுரத்தின் மூன்றாம் நிலையில் இருக்கும் சுதைச் சிற்பத்தைப் பார்க்க ஆசைப்படுபவருக்கும், வேடந்தாங்கலில் கரையில் நின்றபடி கூழைக்கடாவை எடுக்க நினைப்பவருக்கும் போன் கைகொடுக்காது. இரண்டு, விரலுக்குத் தட்டுப்படுகிற நிஜமான ஷட்டர். வயதானால் விரல் நுனி வறண்டுபோகும். வறண்ட விரலைத் தொடுதிரை பல சமயம் கண்டுகொள்ளாது. கண்டுகொள்ள வேண்டாத இடத்தில் படும் கட்டைவிரலை மட்டும் விடாமல் கண்டுகொள்ளும். மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பயணத்தில் போன் என்பது ரயில் டிக்கெட், ஜிபே, மகன் மகள் நம்பர் எல்லாமே. படம் எடுத்து எடுத்துப் போன் சார்ஜ் தீர்ந்து, தெரியாத ஊரில் டூர் வேனைத் தவறவிட்டால் என்ன ஆகும்? படத்துக்குத் தனிப் பெட்டி இருப்பது அதற்காகவாவது நல்லது.

கோயில் பயணமே முக்கியம் என்றால் ஒன்றை நினைவில் வைக்கவும். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. "இது போன் இல்லை, கேமரா" என்பதெல்லாம் வாசலில் செல்லாது. வெளியிலிருந்து கோபுரம் எடுக்கத்தான் இது உதவும். உள்ளே கொண்டுபோகலாமா என்பதை அந்தந்தக் கோயிலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி போட்ட கண்ணும் கேமராத் திரையும்

நாற்பதைத் தாண்டியவருக்கு வருகிற வெள்ளெழுத்துதான் இங்கே பெரிய வில்லன். கேமராவைக் கையை நீட்டிப் பிடித்தால் திரை கண்ணிலிருந்து 45, 50 செ.மீ. தூரத்தில் இருக்கும். படிக்கும் கண்ணாடி 35, 40 செ.மீ.க்குப் போடப்பட்டது. தூரப் பார்வைக் கண்ணாடியில் திரை மங்கல், படிக்கும் கண்ணாடியில் எதிரே இருக்கிற காட்சி மங்கல். பைஃபோகல், புரோகிரசிவ் போட்டவர்கள் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். பத்துப் படத்துக்குள் கழுத்து வலிக்கும். அண்ணாந்து நின்று கோபுரம் எடுக்கையில் தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு இரண்டு தீர்வு உண்டு. ஒன்று, மேல்நோக்கி மடங்கும் திரை. கேமராவை மார்புக்கு நேராக, முழங்கையை விலாவில் ஒட்டிவைத்துக்கொண்டு, புத்தகம் படிப்பதுபோல் குனிந்து பார்க்கலாம். அப்போது தூரம் குறையும், படிக்கும் பகுதி சரியாகப் பொருந்தும், கை நடுக்கமும் அடங்கும். இதைத் தவறவிடாதீர்கள். மூட்டு வலி, கழுத்து வலி இருப்பவர்களுக்கு இந்த ஒரு வசதியே பாதிக் கேமரா.

இரண்டாவது, கண்ணோடு வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர். பக்கத்திலேயே சிறு சக்கரமோ நெம்புகோலோ இருக்கும், அதுதான் டயாப்டர். அதைத் திருப்பி அவரவர் பார்வைக்கேற்ப அமைத்துவிட்டால், பலருக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்க முடியும். சிதறல் பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அமைக்கும்போது வெளிக்காட்சியைப் பார்த்து அமைக்கக் கூடாது. உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகத் தெரியும்வரை திருப்ப வேண்டும். பையில் உரசி இந்தச் சக்கரம் நகர்ந்துவிடும். "கேமரா கெட்டுப்போச்சு, எல்லாம் மங்கலாத் தெரியுது" என்று ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

திரையின் தரத்தைப் பெட்டியில் 'டாட்' கணக்கில் போட்டிருப்பார்கள். மூன்று டாட் சேர்ந்து ஒரு புள்ளி. 2.3 லட்சம் டாட் என்றால் வெறும் 320 × 240. அதில் படம் கூர்மையாக விழுந்ததா என்று கண்ணாடி போட்டவருக்கும் தெரியாது, போடாதவருக்கும் தெரியாது. 9.2 லட்சம் டாட்டுக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

கானன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ்

2018இல் வந்த கேமரா. பழசு என்று ஒதுக்க வேண்டியதில்லை. பேட்டரி, கார்டு சேர்த்து 299 கிராம். 24 முதல் 960 மி.மீ.க்கு இணையான 40 மடங்கு ஜூம். (இந்த எண் சிறிதானால் காட்சி அகலமாக விழும், பெரிதானால் தூரத்துப் பொருள் கிட்டே வரும்.) திரை 9.2 லட்சம் டாட், மேல்நோக்கி முழுக்க மடங்கும். அது தொடுதிரை கிடையாது. விமர்சகர்கள் இதைக் குறையென்றார்கள். நம் தேவைக்கு இதுவே நிறை. கட்டைவிரல் எங்கே பட்டாலும் ஃபோகஸ் நகராது, செட்டிங் மாறாது.

இதன் உண்மையான பலம் 'ஃப்ரேமிங் அசிஸ்ட்' என்ற பட்டன். முழு ஜூமில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. 720 மி.மீ. அளவிலேயே 100 மீட்டர் தூரத்தில் கேமராவுக்குத் தெரியும் அகலம் 5 மீட்டர்தான். கை ஒரு நூல் அசைந்தால் பறவை காணாமல் போகும். இந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஜூம் தானாகப் பின்வாங்கி அகலக் காட்சியைக் காட்டும். பொருளைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து பட்டனை விட்டால் பழைய ஜூமுக்கே போய்விடும். நடுங்கும் கைக்கு இதைவிட உபகாரம் வேறில்லை.

குறைகளும் உண்டு. வியூஃபைண்டர் இல்லை, உச்சி வெயிலில் திரையைக் கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு சார்ஜில் சுமார் 265 படம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. எடுத்ததையெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லோருக்கும் காட்டும் வழக்கம் உள்ளவர்களுக்கு அதுவும் வராது. இரண்டாவது பேட்டரி (என்பி-13எல்) கட்டாயம். மேலே இருக்கும் மோடு டயல் பையில் உரசித் திரும்பிவிடும் என்பது இந்த வகைக் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி. 'ஆட்டோ' மோடில் வைத்து, டயலின் ஓரத்தில் துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

பானசோனிக் டிஇசட்99, அதன் அண்ணன் டிஇசட்95

2025இல் வந்த டிஇசட்99 கையில் எடுத்ததும் பிடித்துப்போகும் ரகம். 24 முதல் 720 மி.மீ., 30 மடங்கு ஜூம். திரை 18.4 லட்சம் டாட். கானனை இதற்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் வெள்ளெழுத்துக் கண்ணுக்கும் தெரியும். சுமார் 380 படம் தாங்கும் பேட்டரி. எல்லாவற்றையும்விட, சார்ஜிங் டைப்-சி. போனுக்கு வைத்திருக்கும் அதே வயர், அதே பவர் பேங்க். காசி, கயா என்று பத்து நாள் ஓடுகிற டூரில், தங்குமிடத்தில் ஆறு பேருக்கு ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும் இடங்களில், இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். படத்தைப் போனுக்கு அனுப்பத் தனிப் பட்டனும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பானசோனிக் இதில் வியூஃபைண்டரைத் தூக்கிவிட்டது. 2019இல் வந்த டிஇசட்95இல் அது இருந்தது, 23 லட்சம் டாட் தரத்தில். அந்த மாடல் வாரன்டியோடு எங்காவது கிடைத்தால், கண்ணாடி அணிந்த, வெயிலில் சுற்றுகிற பெரியவர்களுக்கு நான் டிஇசட்99ஐ விட்டு அதையே சொல்வேன். டிஇசட்95இன் சார்ஜிங் பழைய மைக்ரோ யுஎஸ்பி. அந்த வயரைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். அதிலுள்ள இன்னொரு தொல்லை: கண் வைத்திருப்பதை உணரும் சென்சார், கேமரா வயிற்றருகே தொங்கும்போதும் சட்டையைக் கண் என்று எண்ணிப் பின்திரையை அணைத்துவிடும். கேமரா செத்துவிட்டதாக நினைப்பார்கள். திரைக்கும் வியூஃபைண்டருக்கும் மாற்றுகிற, எல்விஎஃப் என்று எழுதிய பட்டனை அழுத்திப் பழக்கிவிட்டால் போதும்.

இரண்டுமே தொடுதிரை. வாங்கிய அன்றே மெனுவில் தொடு வசதிகள் அனைத்தையும் அணைத்துவிடவும்.

சோனி எச்எக்ஸ்99

ஜூமும் இருக்கிறது, மேலெழும் வியூஃபைண்டரும் இருக்கிறது, எடை 242 கிராம். காகிதத்தில் இதுதான் முதலிடம். கைக்கு வந்தால் மூன்றாமிடம். பட்டன்கள் பொடிப்பொடியாக, உடம்போடு ஒட்டினாற்போல் இருக்கும். மூட்டுவாதம் உள்ள விரல் ஒரே நேரத்தில் இரண்டை அழுத்தும். கார்டோ மைக்ரோ எஸ்டி. நகக்கண் அளவுள்ள அந்தக் கார்டை ஓடுகிற ரயிலில் கழற்றினால் சீட்டுக்கு அடியில்தான் தேட வேண்டும். வியூஃபைண்டரை உள்ளே அழுத்தினால் கேமராவும் சேர்ந்து அணைந்துவிடும் அமைப்பு இருக்கிறது; மெனுவில் மாற்றலாம். தினமும் நிறைய நடப்பவர், தோளில் எடை தாங்காதவர், விரல் நன்றாக இருப்பவர் என்றால் எடுக்கலாம்.

எளியவை என்று விற்கப்படுபவை

கானன் இக்ஸஸ் 285 எச்எஸ், கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்55. ஆரம்பத்தில் சொன்ன உள்ளங்கை ரகம் இவைதான். இக்ஸஸ் எடை 147 கிராம், 12 மடங்கு ஜூம், லென்ஸிலேயே நடுக்கத் தடுப்பு உண்டு. படம் தரமாகவே வரும். ஆனால் ஒரு சார்ஜுக்குச் சுமார் 180 படம்தான், திரை மடங்காது, பிடிக்க மேடே இல்லை. கோடாக் இன்னும் எளிது, இன்னும் மலிவு. அதில் லென்ஸ் வழி நடுக்கத் தடுப்பு கிடையாது, மென்பொருள் வழிதான். திரையோ மேலே சொன்ன 320 × 240. கல்லூரிப் பிள்ளைகள் பழைய பாணிப் படத்துக்காக இதைத் தேடி வாங்குகிறார்கள், அவர்கள் கை நடுங்காது. நடுங்குகிற கைக்கு இதைக் கொடுப்பது பிழை.

இதற்கும் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது: ஆன்லைனில் '48 மெகாபிக்சல், 16 எக்ஸ் ஜூம்' என்று வரும் பெயரறியாப் பெட்டிகள். அந்த ஜூம் டிஜிட்டல்; படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை. கண்டுபிடிக்க எளிய வழி, லென்ஸைச் சுற்றி எழுதியிருப்பதைப் படிப்பது. எஸ்எக்ஸ்740இல் 4.3–172 மி.மீ. என்றிருக்கும். (இது லென்ஸின் நிஜ அளவு; முன்பு சொன்ன 24–960 பழைய ஃபிலிம் கேமராக் கணக்குக்கு மாற்றியது.) பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் 40. அதுதான் நிஜ ஜூம். ஒரே ஒரு எண் இருந்தாலோ, எண்ணே இல்லாவிட்டாலோ வைத்துவிட்டு நகருங்கள்.

அருவிக்கும் கடலுக்கும்

ஓஎம் சிஸ்டம் டிஜி-7 (2023) தனி ரகம். 15 மீட்டர் ஆழம்வரை நீர் புகாது, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், டைப்-சி சார்ஜிங், முன்னால் நல்ல பிடி. ஜூம் 4 மடங்குதான். ஆனால் இதன் லென்ஸ் வெளியே நீண்டு வருவதில்லை, எல்லாம் உள்ளேயே நகரும். கீழே போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பெரிய காப்பு. சறுக்கல் பேட்டரி மூடியில். நீர் புகாமலிருக்க இரட்டைப் பூட்டு; பூட்டை விடுவித்துத் தள்ள விரலில் பலம் வேண்டும். வலிக்கிற விரலுக்கு இது தினசரிச் சண்டை. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் இறங்கி எடுத்தால், அன்றைக்கே மூடிகள் மூடியபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் நீர் புகும்.

நிக்கானின் கூல்பிக்ஸ் வரிசையில் பல மாடல்களுக்குத் தமிழ் மெனு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆங்கிலம் தடையென்றால் அது பெரிய விஷயம்தான். ஆனால் இன்றைக்கு எஞ்சியிருக்கும் பி950 போன்றவை ஒரு கிலோ எடை. கழுத்தில் மாட்டிக்கொண்டு காசித் தெருவில் நடக்க முடியாது. பெரிய சென்சார் வைத்த சோனி ஆர்எக்ஸ்100, கானன் ஜி7 எக்ஸ் வகைகள் படத்தரத்தில் மேல். விலையும் பல மடங்கு மேல், ஜூம் குறைவு. பரிசாகக் கொடுத்தால் பீரோவில் பூட்டி வைப்பார்கள்.

கடையில் பத்து நிமிடம்

பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய வழக்கமான கண்ணாடியோடு. பேட்டரியைக் கழற்றி, திரும்ப அவரே போடட்டும். தலைகீழாகப் போட்டால் உள்ளிருக்கும் கொக்கி மாட்டாது, அது அவருக்குத் தெரிய வேண்டும். கார்டை அழுத்தி விடுவிக்கட்டும். பிறகு கடை வாசலுக்கு வந்து, எதிர்சாரிப் பெயர்ப்பலகையை முழு ஜூமில் பத்து வினாடி கட்டத்துக்குள் வைத்திருக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் 40 மடங்கு ஜூமுக்குக் காசு கொடுப்பது வீண். வெயிலில் திரை தெரிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

உயரமான கோபுரம்தான் குறி என்றால் அகலக்கோண எண்ணைப் பாருங்கள். 60 மீட்டர் உயரத்தைச் செங்குத்தாகப் பிடித்த கேமராவில் அடங்கவைக்க, 24 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 18 மீட்டர் தள்ளி நின்றால் போதும், 28 மி.மீ. லென்ஸுக்கு 27 மீட்டர் வேண்டும். மாட வீதியில் பின்னால் போக அந்த ஒன்பது மீட்டர் பல சமயம் இருக்காது.

கையில் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

தேதி, நேரம் அமைக்கவும். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களுக்கு அந்த ஊர் நேரத்தையும் சேர்த்துவிடவும். டிஜிட்டல் ஜூமை அணைக்கவும். கானனில் 'ஜூம்ப்ளஸ்', பானசோனிக்கில் 'ஐ.ஜூம்' என்ற பெயரில் நுழையும் கூடுதல் ஜூமும் இதில் சேரும். 4கே ஃபோட்டோ, தொடர் படம் போன்றவற்றை அணைக்கவும். வீடியோவை ஃபுல் எச்டியில் வைக்கவும். பானசோனிக்கின் 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 750 எம்பி தின்னும். 32 ஜிபி கார்டு நாற்பது நிமிடத்தில் நிறைந்துபோகும். படம் மட்டும் என்றால் அதே கார்டில் ஏறத்தாழ 4,000 கொள்ளும். ஆகவே ஒரு பெரிய கார்டைவிட இரண்டு 32 ஜிபி நல்லது. ஒன்று தொலைந்தாலும் பாதிப் பயணம் மிஞ்சும். வீடியோ பட்டனை முடக்கும் வசதி மெனுவில் இருந்தால் முடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பைக்குள் ஓடிய வீடியோக்களை வீட்டில் உட்கார்ந்து அழிக்கும் வேலை உங்களுக்கு. ஃபிளாஷ் எப்போதும் அணைந்தே இருக்கட்டும். நாலைந்து மீட்டருக்கு மேல் அது எட்டாது. அருங்காட்சியகத்தில் காவலாளியின் அதட்டலை மட்டும் வாங்கித் தரும்.

சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஷட்டரைப் பாதி அழுத்தி நிறுத்துவது. பச்சைக் கட்டம் வந்ததும் மீதியை மெல்ல அழுத்துவது. பெரும்பாலானோர் காலிங் பெல் அடிப்பதுபோல் ஒரே அழுத்தாக அழுத்துவார்கள்; கேமரா கீழே இறங்கும், ஃபோகஸ் ஆகும் முன்பே படம் விழும். ஃபோகஸ் ஆனதும் வரும் 'பீப்' கீச்சுக்குரல். வயதானால் முதலில் மங்குவது அந்தக் கீச்சு ஒலிதான் என்பதால் பச்சைக் கட்டத்தைப் பார்க்கவே பழக்குங்கள். கை அதிகம் நடுங்குபவர்களுக்கு 2 வினாடி டைமர் போட்டுவிட்டால், அழுத்தும் அதிர்ச்சி அடங்கிய பிறகு படம் விழும். தூண், சுவர், பஸ் சீட்டின் முதுகு என எதன்மீதாவது சாய்ந்து எடுப்பது எந்தத் தொழில்நுட்பத்தையும்விட மேல்.

மாலை ஐந்தரைக்குப் பிறகு முழு ஜூம் வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். இந்த லென்ஸ்களின் துளை அகலத்தில் எஃப் 3.3, முழு ஜூமில் எஃப் 6.4 அல்லது 6.9; எண் கூடினால் துளை சுருங்குகிறது என்று பொருள். அதாவது உள்ளே வரும் வெளிச்சம் கால்வாசிக்கு இறங்கிவிடும். கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, ஏற்றி ஈடுகட்டும். படம் புள்ளிபுள்ளியாக, மெழுகு பூசினாற்போல் வரும். அந்த நேரத்தில் 10 மடங்குக்குள் நின்றுகொள்வதே மேல்.

எங்கே கெடும்

இந்த வகைக் கேமராக்களை அதிகம் கொல்வது நீளும் லென்ஸ். பைக்குள்ளேயே பவர் பட்டன் அழுந்தி, லென்ஸ் வெளியே வர இடமில்லாமல் முட்டி, உள்ளிருக்கும் பொடிப் பல்சக்கரம் தேய்ந்துவிடும். 'லென்ஸ் எரர்' என்று திரையில் வருவது பெரும்பாலும் இதனால்தான், அல்லது கடற்கரை மணலால். இறுக்கமான துணிப்பைக்குப் பதில் உள்ளே சற்று இடமுள்ள கெட்டியான பை வாங்குங்கள். மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். அதைவிட, ஒரே வளையத்தில் மாட்டித் தோளுக்குக் குறுக்காகப் போடும் நீளக் கயிறு இன்னும் நல்லது.

'கார்டு லாக்' என்று வந்தால் கேமராவில் கோளாறில்லை. கார்டின் ஓரத்திலுள்ள சிறு தாழ்ப்பாள் நகர்ந்திருக்கும். மேலே தள்ளினால் தீர்ந்தது. ஏசி காரிலிருந்து சென்னைப் புழுக்கத்தில் இறங்கியதும் லென்ஸ் பனித்தால் துடைக்க வேண்டாம், பத்துப் பதினைந்து நிமிடம் விடவும். பத்ரிநாத், கேதார்நாத் குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்; உதிரி பேட்டரியை ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். விமானத்தில் உதிரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவைத்தால் எது புதிது, எது தீர்ந்தது என்ற குழப்பம் வராது. மலிவுப் போலி பேட்டரி உப்பி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படத்தைப் போனுக்கு மாற்ற வைஃபை ஆப்பைச் சொல்லிக்கொடுத்துப் பொறுமை இழக்காதீர்கள். டைப்-சி கார்டு ரீடர் ஒன்றை வாங்கிக் கொடுத்தால், கார்டைச் செருகிப் போனில் குத்தினால் படம் வந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் சுருங்காது.

என் வரிசை

கை நடுங்கும், தொடுதிரை ஒத்துவராது என்றால் எஸ்எக்ஸ்740. வெள்ளெழுத்தும் வெயிலும்தான் பிரச்சினை என்றால் டிஇசட்95, கிடைக்கிற வரைக்கும். சார்ஜர் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு டிஇசட்99. தண்ணீர்ப் பக்கம் அதிகம் போகிறவர்களுக்கு டிஜி-7.

இவற்றில் சில கடைகளில் அருகிவருவதால் பழையது வாங்க நேரலாம். அப்போது ஜூமை முழுக்க நீட்டி மடக்கி இருபது முறை ஓட்டிப் பாருங்கள். நறநறவென்ற சத்தமோ இடையில் தயக்கமோ இருக்கக் கூடாது. வெள்ளைச் சுவரை முழு ஜூமில் எடுத்துப் பார்த்தால் சென்சாரில் படிந்த தூசி சாம்பல் வட்டமாகத் தெரியும். இந்த வகையில் அதைத் துடைக்கக் கேமராவையே பிரிக்க வேண்டும், செலவு கேமரா விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பேட்டரியை மேசைமேல் படுக்கவைத்துச் சுழற்றுங்கள். பம்பரமாகச் சுற்றினால் உப்பியிருக்கிறது என்று பொருள். புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசலாம்.